ஐயாவும் அய்யாவும்

சொன்னா நம்புவியளோ? மர்ம நாவல் ஒண்டை இரவல் வாங்கி ஆசையாத் திறக்கிறன். வில்கி கொலின்ஸ் எழுதின 'த வுமன் இன் வைற்'. 1859 நவம்பரில சார்ள்ஸ் டிக்கன்ஸின்ர வாரப் பத்திரிகையில தொடங்கி, கிழமைக்குக் கிழமை சனத்தை ஏங்க வைச்ச தொடர்கதை. சேர் பெர்சிவல் கிளைட் எண்ட வில்லன்ர பேர் முதன்முதல் வாற பக்கத்திலேயே ஒரு புண்ணியவான் பென்சிலால எழுதி வைச்சிருக்கிறான்: "இவன்ர தாய் தேப்பன் கலியாணமே கட்டேல்லை."

முடிஞ்சுது கதை! வெள்ளைக்காரன் பக்கம் பக்கமாப் பொத்தி வைச்ச ரகசியம் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒரு பக்கம் தாங்கேல்லை.

சரி, அதை நான் வாசிச்ச இடம் எது தெரியுமோ? ஒரு கந்தோர் வாங்கு. எந்தக் கந்தோர் எண்டு கேக்காதையுங்கோ, இன்னும் அங்க அலுவல் கிடக்கு. காணி உறுதியில அப்பான்ர பேர் 'ஐயா' எண்டு முடியுது. மரண அத்தாட்சிப் பத்திரத்தில 'அய்யா'. எழுதினது நானோ? அப்பாவோ? அவர்தான் செத்துப்போனாரே! பிழை விட்டது அவை. ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு நிரூபிக்கிறது என்ர வேலையாம். ஜீ.எஸ். கடிதம், ஜே.பி.யிட்ட சத்தியக்கடதாசி, எல்லாத்திலயும் மும்மூண்டு போட்டோக்கொப்பி. இண்டையோட நாலாந்தரம்.

இந்தக் கடுப்போட வாசிச்சா எப்பிடியிருக்கும்? பெர்சிவல் என்ன செய்தவன்? சேர்ச் பதிவேட்டில வெறுமையாக் கிடந்த துண்டு இடத்தில, தாய் தேப்பனுக்கு ஒரு கலியாணத்தை எழுதிவிட்டான். அவ்வளவுதான். பட்டமும் காணிபூமியும் கைக்குள்ள. அவனிட்ட ஆர் சத்தியக்கடதாசி கேட்டது?

பிறகு பெண்சாதி லோரா. உயிரோட இருக்கிறவளை விசர் ஆசுப்பத்திரியில அடைச்சுப்போட்டு, அவளைப் போல இருந்த ஒருத்தியை அவளின்ர பேரில தாட்டுப்போடுறாங்கள். சொந்தச் சித்தப்பனே "இவள் ஆரோ" எண்டுறார். கல்லறையில பேர் கிடக்கு, பத்திரம் கிடக்கு, பிறகேன் ஆள்? கடைசியில உதவினது ஒரு திகதி. பத்திரத்தில யூலை 25 செத்தவள், 26ஆந் திகதி லண்டனுக்கு ரெயின் ஏறியிருக்கிறாள்!

ஐயோ, நானும் சொல்லிப்போட்டனே. பென்சில்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பதிவேட்டை அழிக்கப் போன பெர்சிவல் அந்தத் தீக்குள்ளேயே அகப்பட்டுச் சாகிறான். கதை எண்டபடியால் அப்பிடி. 1981இல எங்கட யாழ்ப்பாண நூலகத்தை, 97,000 புத்தகத்தோட, கொளுத்தினவையில ஆர் கூட்டுக்குள்ள போனது?

1995 ஒக்ரோபர் கடைசியில சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிடேக்க, அம்மா நகைப்பெட்டியைத் தேடினா. அப்பா உறுதிக்கட்டைத்தான் பொலித்தீனில சுத்தி, சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு மழையில நடந்தவர். ஓரத்தில இப்பவும் ஈரக்கறை இருக்கு. அந்த உறுதியைத்தான் இண்டைக்குக் கிளாக்கர் நுனிவிரலால தள்ளிப்போட்டு, "இவர்தான் அவரெண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டவர்.

வாற வெள்ளி திரும்ப வரட்டாம். நாவல் முடிஞ்சுது. தடிச்ச புத்தகம் வேற ஏதும் இருந்தாத் தாங்கோ. பென்சில் படாததாப் பாத்து.