இஷ்டப்பட்டா தூசி தின்கிறார்கள்?

“யாரையும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. இஷ்டப்பட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள்.” விருத்தாசலம் செராமிக் பட்டறைகளின் தூசியைப் பற்றி யார் வாய் திறந்தாலும், இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். மேடை, கல்யாணப் பந்தி, டீக்கடை என்று வருடக்கணக்கில் கேட்டுச் சலித்துவிட்டது. சொல்பவர் முகத்தில் தர்ம சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்த தெளிவு வேறு.

சில்லறை வாதங்களை முதலில் தீர்த்துவிடுவோம். “மாஸ்க் கொடுத்தால் போடுவதில்லை.” மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. தடுக்கிற மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில், சூளைப் பக்கம், பீஸ் ரேட்டில் இவர்கள் ஒருநாள் நின்று காட்டட்டும். “அது பீடியால் வந்த டிபி.” இந்தத் தூசியில் உள்ள சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். சீட்டில் டிபி என்று எழுதிவிட்டால் தூசி நிரபராதி ஆகிவிடுமா?

இனி அந்த இஷ்டத்துக்கு வருவோம். களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் அரைத்துக் கலந்தால்தான் பீங்கான். ஈரமாக இருக்கிறவரை அந்தக் கூழால் தொல்லையில்லை. சிந்தியது காய்ந்து, அதன்மேல் துடைப்பம் படும்போதும், காய்ந்த அகல்விளக்கையும் பொம்மையையும் ஃபியூஸ் கேரியரையும் தேய்த்து மழமழப்பாக்கும்போதும்தான் ஆபத்து கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரிகிற புழுதியைவிடத் தெரியாத துகளே நுரையீரலின் அடிவரை போகும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் பெரும்பாலும் 10, 20 ஆண்டு கழித்தே வெளியே தெரிகிறது. குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்டு நின்ற பிறகும் அது வளரும். சேரும்போது நோய் தெரியாது, நோய் தெரியும்போது விலகிப் பயனில்லை. இதில் எந்த இடத்தில் சம்மதம் வாங்கினார்களாம்? கந்துவட்டிக்காரன்கூடக் கடன் கொடுக்கும்போது வட்டி எவ்வளவு என்று சொல்லித்தான் கொடுக்கிறான்.

தொழிலாளி தெரிந்தே வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் அரிசி இல்லாதவர் ‘தெரிந்தே’ வருவதற்குப் பெயர் என்ன? 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயம் அல்ல, வேறு வழியில்லாமல் வறுமை தள்ளிவிடுவதும் கட்டாயம்தான் என்றது நீதிபதி பகவதியின் தீர்ப்பு. அது குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய வழக்கு என்று சட்டம் படித்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். ஆகட்டும். குறைந்த கூலிக்கு உழைப்பதே கட்டாய உழைப்பு என்றால், குறைந்த ஆயுளுக்கு உழைப்பதை என்னவென்று அழைப்பது? மெய்வருத்தக் கூலி என்றா?

“கெடுபிடி செய்தால் தொழில் படுத்துவிடும்” என்பது கடைசி அஸ்திரம். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பீங்கான் ஊர்களில் சூளைக்குள் பாத்திரங்களைப் பதித்து அடுக்க ஃபிளிண்ட் கல் பொடியைப் பயன்படுத்தினார்கள். அது அப்பட்டமான சிலிக்கா. 1947-இல் விதி போட்டு அதை விலக்கி, அலுமினாவைப் பயன்படுத்தச் சொன்னார்கள். யாருடைய இஷ்டத்தையும் கேட்கவில்லை. அந்த விதியால் இங்கிலாந்தில் தேநீர்க் கோப்பைக்குப் பஞ்சம் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

இங்கே தரையை நனைத்துக் கூட்டவும், தேய்க்கிற மேசைக்கு ஒரு உறிஞ்சு விசிறி பொருத்தவுமே மனம் வர மாட்டேன் என்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. ஆனால் மின்சாரம் இருந்தும் 10 பேருக்குக் குறைவானால், அந்தப் பட்டறை பொதுவாக அந்தச் சட்டத்தின் தொழிற்சாலைக் கணக்கிலேயே வரவில்லை. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கியது. நாலு பேர் உட்கார்ந்து அகல்விளக்கு தேய்க்கிற கொட்டகைக்கு எந்த அதிகாரி வரப்போகிறார், யாருடைய நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லப்போகிறார்?