அம்மா கீழிமையை இழுத்துப் பார்த்த நாள்

போன மார்கழியில் ரொறொன்ரோவில் தங்கச்சி வீட்டில் நின்றேன். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது. மூன்று கிழமையாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. "பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு வாறதுதானே" என்று நானும் சொன்னேன். இரவில் கால் நோகுது என்று அழுதான். வளர்ற வயசு என்றோம். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அம்மாதான் அவனுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். "என்னடி, பிள்ளைக்கு இரத்தமே இல்லை! டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ."

இரத்தப் பரிசோதனை, பிறகு எலும்பு மச்சைப் பரிசோதனை. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா என்றார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம்.

தங்கச்சியின் முதல் கேள்வி: "நான் என்ன பிழை விட்டனான், அக்கா?"

ஒரு பிழையும் இல்லை. எலும்பு மச்சையில் ஓர் அணுவின் மரபணு மாறிவிடுகிறது. முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. டவுண் சின்ட்ரோம், முன்பு பெற்ற கதிர்வீச்சு போன்றவை ஆபத்தைக் கூட்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. இது தொற்றாது. சாப்பாட்டாலோ நாவூறாலோ வந்ததும் இல்லை.

அறிகுறிகளை விளங்கிக்கொண்டால் மறக்காது. சிவப்பணு குறைந்தால் களைப்பும் வெளிறலும். தட்டணு குறைந்தால் காரணமில்லாத கண்டல், மூக்கு, முரசில் இரத்தம், அழுத்தினாலும் மறையாத சின்னச் சின்னப் புள்ளிகள். தொற்றோடு போராடும் அணு குறைந்தால் விடாத காய்ச்சல். மச்சை நெரிபட்டால் எலும்பு நோவு. கழுத்திலோ கக்கத்திலோ நெறி கட்டலாம். 'அக்யூட்' என்றால் வேகமாக வளர்வது. சில கிழமைகளிலேயே பிள்ளை வாடிவிடும்.

எங்கட பிள்ளைகளின் மண்ணிறத் தோலில் வெளிறலும் புள்ளியும் சட்டென்று தெரியாது. அம்மா செய்ததுபோல் கீழிமை, உதடு, உள்ளங்கையைப் பாருங்கள்.

காய்ச்சல் எல்லாம் லூக்கேமியா இல்லை, பயந்து சாகவேண்டாம். ஆனால் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அல்லது ஒன்றாவது விடாமல் நின்றால், தள்ளிப்போடாமல் டொக்டரிடம் காட்டி, "இரத்த அணு எண்ணிக்கை பார்க்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 1960களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்றுதான் தப்பியது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் ஏறக்குறைய ஒன்பது தப்புகின்றன.

மருமகனுக்கு இன்னும் இரண்டு வருஷம் மருந்து இருக்கிறது. தலைமுடி போய்விட்டது. நேற்று வீடியோவில் அம்மாவிடம், "அம்மம்மா, கண்ணைப் பாருங்கோ" என்று தானே இமையை இழுத்துக் காட்டினான்.