ஒளிப்பட மென்பொருள்: நுழையுமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

நிரந்தர வைப்பில் பணம் செலுத்துமுன் வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு நாம் படிவத்தில் கையொப்பமிடுவதில்லை. முதிர்வுக்கு முன்பே எடுக்க நேர்ந்தால் என்ன பிடித்தம், நியமனதாரராக யாரைக் குறிப்பிடலாம், முதிர்வுத் தொகை எந்தக் கணக்கில் வரவாகும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால், குடும்பத்தின் பல்லாண்டு ஒளிப்படங்களை ஒரு மென்பொருளின் வசம் ஒப்படைக்கும்போது இத்தகைய கேள்விகளில் ஒன்றையும் எழுப்புவதில்லை. அது வண்ணங்களை மெருகேற்றும் விதத்தையும், பின்னணியில் நிற்கும் அந்நியரை ஒரு தொடுகையில் மறையச் செய்யும் விதத்தையும் கண்டு மயங்கிவிடுகிறோம்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதிலிருந்து நம் படங்களோடும் குறிப்புகளோடும் எளிதாக வெளியேற இயலுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து. திருத்தும் வசதிகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். பணத்தை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். மறைந்த பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளை மீண்டும் படமெடுக்க இயலாது.

கடந்த இருபதாண்டு அனுபவமே இதற்குச் சான்று. கூகுள் நிறுவனம் 2004-இல் வாங்கி இலவசமாக வழங்கிய பிகாசாவைப் பலரும் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தனர். 2016 மார்ச் மாதத்தில் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. படங்கள் சாதாரணக் கோப்புறைகளிலேயே இருந்ததால் அவை தப்பின. ஆனால், செய்த திருத்தங்கள் பிகாசாவுக்கே உரிய சிறு கோப்புகளில் எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலான பிற மென்பொருள்களால் அவற்றைப் படிக்க இயலவில்லை. அடோபி நிறுவனத்தின் லைட்ரூம், ஒரே முறை விலை கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு அம்முறை முடிந்து, சந்தா முறை மட்டும் எஞ்சியது. 2015-இல் தொடங்கிய கூகுள் போட்டோஸ் வரம்பற்ற இலவசச் சேமிப்பை அளித்தது. 2021 ஜூன் 1 முதல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தை மின்னஞ்சலும் பிற கோப்புகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு படம் 3 முதல் 4 எம்.பி. எனக் கொண்டால், அந்த இடம் முழுவதையும் படங்களுக்கே ஒதுக்கினாலும் 5,000 படங்களுக்கு மேல் கொள்ளாது.

நிறுவனங்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. வணிக முடிவுகள் மாறுவது இயல்பு. அம்மாற்றம் நம் படப்பெட்டியைப் பூட்டிவிடாதவாறு காத்துக்கொள்வது நமது பொறுப்பு. அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, மூலப்படம் எங்கே இருக்கிறது? ஆண்டு, மாதம் எனப் பெயரிட்ட சாதாரணக் கோப்புறைகளை அப்படியே காட்டும் மென்பொருள் பாதுகாப்பானது. படங்களைத் தன் சொந்தப் பெட்டகத்துக்குள் இழுத்துக்கொள்ளும் மென்பொருளானால், அவற்றை மொத்தமாக வெளியே எடுக்கும் வழியை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். திருத்தம் செய்த பின்னும் மூலப்படம் மாறாமல் நிற்கிறதா என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குறிப்புகள் எங்கே எழுதப்படுகின்றன? கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் நாள், நேரம் முதலிய விவரங்களைக் கொண்ட எக்ஸிஃப் பதிவு உண்டு. நாம் சேர்க்கும் பெயர்களையும் விளக்கங்களையும் அவ்வாறே படக் கோப்புக்குள் எழுத இயலும். சில மென்பொருள்கள் அவ்வாறு செய்யாமல் தம் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்கின்றன. கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் வழியாகப் படங்களைப் பதிவிறக்கும்போது, அங்கே நாம் சேர்த்த விளக்கங்கள் தனிக் கோப்புகளாகவே வந்து சேர்கின்றன. படமும் பெயரும் பிரிந்துவிட்டால், திருமணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பவர் யார் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல எவரும் இருக்க மாட்டார். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பப்படுபவை அளவு சுருங்குவதோடு எக்ஸிஃப் விவரங்களையும் இழக்கின்றன என்பதும் நினைவில் நிற்கட்டும். உறவினரிடமிருந்து முக்கியமான படங்களைப் பெறும்போது, அவற்றை ஆவணமாக அனுப்பும்படி கேட்பது நல்லது.

மூன்றாவது, கட்டணம் என்ன? அதை நிறுத்தினால் என்ன ஆகும்? மாதம் 200 ரூபாய்ச் சந்தா சிறிதாகத் தோன்றும். பத்தாண்டுகளில் அது 24,000 ரூபாய். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் தானாகவே பணம் பிடிக்கும்படி அமைந்த செயலிகளும் பல. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டை வழியான இத்தகைய தொடர் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டாம். தேவையற்ற ஆணையை அப்போதே ரத்து செய்துவிடலாம்.

இக்கேள்விகளின்படி பார்த்தால், கணினி உள்ள வீடுகளுக்கு டிஜிகேம் என்னும் கட்டற்ற மென்பொருளை நாம் முதலில் பரிந்துரைப்போம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது கட்டணமின்றி இயங்குகிறது. கோப்புறைகளை உள்ளபடியே ஏற்கிறது. ஒரே படத்தின் பல பிரதிகளைக் கண்டுபிடித்துத் தருகிறது. முகங்களை அடையாளம் காணும் வேலையை நம் கணினியிலேயே முடிக்கிறது. பெயர்களைப் படக் கோப்புக்குள் எழுதும்படி அதன் அமைப்புகளில் ஒரு முறை குறித்துவிட்டால் போதும். திருத்துவதைப் பொறுத்தவரை, வெட்டுதல், நிமிர்த்துதல், வெளிச்சம் கூட்டுதல் ஆகியவற்றுக்குக் கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள செயலியே போதும். கீறல் விழுந்த பழைய படங்களைச் சீராக்க விரும்புவோர் ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளைப் பழகலாம்.

இவ்வளவு உழைப்பு எதற்கு, கைப்பேசியே எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றிவிடுகிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைப்பேசி தொலைந்துபோனால் மேகச் சேமிப்பு கைகொடுக்கும். ஒரு சொல்லைத் தட்டினால் படத்தைத் தேடித் தரும். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதுவே ஒரே பிரதியாக இருக்க வேண்டாம். கணினி இல்லாதவர்கள்கூட, கைப்பேசியில் பொருந்தும் ஓ.டி.ஜி. பென் டிரைவில் மாதம் ஒரு முறை படங்களை நகலெடுக்கலாம். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது அறிந்தோர் கூறும் நெறி. வங்கிப் பெட்டகத்தில் நகைகளோடு ஒரு வன்வட்டுக்கும் இடமுண்டு. ஆண்டுக்கு ஒரு முறை அதை எடுத்து இயக்கிப் பார்த்து, புதிய படங்களையும் சேர்த்து வைக்க வேண்டும்.

நியமனம் இங்கும் தேவை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளையும் அவற்றிலுள்ள படங்களையும் நீக்கக்கூடும் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் நடைமுறை. நமக்குப் பின் தரவுகளைப் பெற வேண்டியவர்களை அக்கணக்கின் அமைப்புகளில் முன்கூட்டியே குறிப்பிடும் வசதியும் உண்டு. பத்துப் பேர் வரை சேர்க்கலாம். வைப்புக் கணக்குக்கு நியமனம் செய்த அதே நாளில் இதையும் முடித்துவிடலாம்.

வங்கியின் நோக்கில் மேலும் ஒரு வேண்டுகோள். பலருடைய கைப்பேசியில் குழந்தையின் படத்துக்குப் பக்கத்திலேயே ஆதார், பான் அட்டை, கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படங்களும் கிடக்கின்றன. படத்தொகுப்பைப் பார்க்க அனுமதி பெறும் செயலி இவற்றையும் பார்க்கும். எனவே புதிய செயலியை நிறுவும்போது, தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் அனுமதி அளிக்கும் வசதி இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். ஆவணப் படங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பற்று அட்டையின் படத்தையும் கடவுச்சொல் எழுதிய தாளின் படத்தையும் அடியோடு அழித்துவிடுங்கள்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் நூறு படங்களை மட்டும் அதில் இட்டுப் பாருங்கள். பத்துப் படங்களுக்குப் பெயரும் விளக்கமும் எழுதி, பின்னர் நூறையும் வெளியே எடுத்து, வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறவுங்கள். பெயர்களும் நாட்களும் உடன் வந்திருந்தால் மீதிப் படங்களையும் தயங்காமல் ஒப்படைக்கலாம். வராவிட்டால், வேறொன்றைத் தேட இன்னும் காலம் இருக்கிறது.