எஞ்சினின் நான்கு அசைவுகளும் சொந்தக்காரர் கடமையும்

கிணற்று நீரை இறைப்பதற்கும், நிலத்தை உழுவதற்கும், நெல்லை அறுப்பதற்கும் எஞ்சினை நம்பியிருக்கும் விவசாயிகளில் அநேகர் அதன் விலையையும் குதிரைசக்தியையும் நன்கு அறிவார்கள். ஆனால் அது எவ்விதம் வேலை செய்கிறது என்பதை மட்டும், டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் உரிய விஷயமென்று விட்டுவிடுகிறார்கள். இது சரியான கொள்கையன்று. பல்லைப் பார்த்து வயதறிந்து, சுழி பார்த்து மாட்டுக்கு விலை பேசுகிறவர், அதனினும் விலையுயர்ந்த யந்திரத்தைக் குருட்டு நம்பிக்கையின்பேரில் வைத்து நடத்துவது பொருந்தாது. எஞ்சினின் தத்துவமோ நான்கு அசைவுகளுக்குள் அடங்கிவிடுவது.

நீராவி யந்திரத்தில் நெருப்பு கொதிகலத்தின் அடியில், அதாவது சிலிண்டருக்கு வெளியே எரியும். எண்ணெய் எஞ்சினிலோ சிலிண்டருக்குள்ளேயே எரியும். இம்முறையில் நான்கு அசைவுகளாக நடக்கும் எஞ்சினை ஜெர்மனி தேசத்து நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் வெற்றிகரமாகச் செய்தார். ருடால்ப் டீசல் என்பவர், காற்றை மிகுதியாக அமுக்கிச் சூடேற்றி அச்சூட்டினாலேயே எண்ணெயைப் பற்றவைக்கும் எஞ்சினை 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் நடத்திக் காட்டினார். சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கொண்டு பாசனம் செய்யும் முறையை, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் பரிசோதித்துப் பரப்பினார். மின்சார மோட்டார்கள் பெருகிய பின்னும் டிராக்டரும், பவர் டில்லரும், அறுவடை யந்திரமும், மின்சாரம் எட்டாத கிணற்றின் பம்பும் இத்தத்துவத்தைக் கொண்டே நடந்து வருகின்றன.

சிலிண்டர் என்பது இரும்பு உருளை. அதற்குள் ஏறி இறங்குவது பிஸ்டன். டீசல் எஞ்சினில் முதல் அசைவில் பிஸ்டன் கீழே இறங்க, உட்கொள்ளும் வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. இரண்டாவது அசைவில் இரு வால்வுகளும் மூடிக்கொள்ள, மேலேறும் பிஸ்டன் அக்காற்றை 14-ல் ஒரு பங்கு முதல் 20-ல் ஒரு பங்கு வரை அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு கைக்குச் சூடாவதை யாவரும் அறிவர். அவ்விதமே இங்கும் சூடு உண்டாகி, 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டுவிடுகிறது. அத்தருணத்தில் எண்ணெய் பனித்தூவல் போல் பீச்சப்பட்டுத் தானே பற்றி எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது மூன்றாவது அசைவு. நான்காவதில் பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எண்ணெய் ஆவியும் கலந்தே உட்சென்று, குறைவாக அமுக்கப்பட்டு, பிளக்கின் மின்பொறியினால் பற்றும், மற்றவை ஒன்றே.

ஆகவே நான்கு அசைவுகளில் ஒன்றே வேலை தருவது. மற்ற மூன்றையும் நடத்தி வைப்பது பிளைவீல் என்னும் கனத்த சக்கரம். நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் இவ்வெரிப்பு 750 தடவை நிகழ்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் அவ்வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 40,000 லிட்டர் காற்றை உட்கொள்ளும். களத்துத் தூசியும் அத்துடன் புகுமானால் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் அரத்தால் ராவியதுபோல் தேய்ந்துபோகும். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமென்பதன் காரணம் இதுவே.

நான்கு அசைவுகளையும் அறிந்தவருக்கு எஞ்சினின் நோய்களும் விளங்கும். கரும்புகை கண்டால் காற்றுக் குறைவு அல்லது மிதமிஞ்சிய பளு என்று கொள்ளலாம். நீலப்புகை, உராய்வைத் தடுக்கும் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிவதற்கு அடையாளம். டீசலை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றும்போது அமுக்கத்தின் எதிர்ப்புத் தோன்றாவிடில், வால்வு அல்லது ரிங்கில் காற்றுக் கசிகிறதென்று அறியலாம். எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. எஞ்சியது புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் போய்விடும். அந்நீர் ஓட்டம் தடைப்பட்டால் பிஸ்டன் இறுகிவிடும். காய்ந்த எஞ்சினின்மேல் திடீரெனக் குளிர்ந்த நீரைக் கொட்டினாலோ இரும்பு வெடிப்புக் காணும்.

மெக்கானிக் இருக்கையில் சொந்தக்காரருக்கு இவ்வறிவு எதற்கென்று சிலர் வினவலாம். பயிர் கதிர் வாங்கும் தருணத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், மெக்கானிக் வரும்வரை பயிர் காத்திராது. வடிகட்டி அடைத்ததற்கும் ரிங்கு தேய்ந்ததற்கும் வேற்றுமை தெரியாதவர், சிறு செலவில் தீர வேண்டியதற்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டு, அது நியாயமா என்று கேட்கவும் வகையற்றவராகிறார். மெக்கானிக்கின் தொழில் அவசியமானதே; அவரிடம் குறையைச் சரியாக எடுத்துச் சொல்லவும் இவ்வறிவு வேண்டும்.

இவை யாவும் பண நஷ்டத்தைப் பற்றியவை. உயிர் நஷ்டத்தைப் பற்றியதும் ஒன்றுண்டு. பம்பு நீரை உறிஞ்சி ஏற்றக்கூடிய உயரம் அனுபவத்தில் சுமார் 25 அடிக்கு மேற்படாது. ஆதலால் நீர்மட்டம் தாழத் தாழ எஞ்சினையும் பம்போடு கிணற்றுக்குள் இறக்கும் வழக்கம் உண்டாயிற்று. நான்காவது அசைவில் வெளிப்படும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பற்றிக்கொண்டு மனிதனை மயக்கிக் கொன்றுவிடும். கிணற்றுக்குள் காற்றோட்டமின்மையால் எஞ்சின் நின்ற பின்னும் அவ்வாயு அகலாது தங்கும். முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இதனாலேயே. எஞ்சின் தரைமேல்தான் இருக்க வேண்டும்; பம்பு தாழ இருக்க வேண்டுமாயின், மேலிருந்து பெல்ட்டினால் ஓட்டுவதோ மின்சார மோட்டாரை உபயோகிப்பதோ தக்கது. கிணற்றுக்குள் ஒருவர் மயங்கியிருக்கக் கண்டால், பின்தொடர்ந்து இறங்காமல் உடனே தீயணைப்புப் படையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் எல்லையில் எந்தெந்தக் கிணற்றுக்குள் எஞ்சின் இறக்கப்பட்டிருக்கிறதென்பதைக் கவனித்து, சொந்தக்காரருக்கு இதை எடுத்துரைப்பது நலம். எஞ்சின் வைத்திருக்கும் விவசாயிகளும், அதன் நான்கு அசைவுகளைத் தாம் தெரிந்துகொள்வதோடு, அதை ஓட்டும் வேலையாளுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பார்களாக. பொருளுக்கும் உயிருக்கும் அதுவே பாதுகாப்பாகும்.