கனவைக் கேட்கும் செவி

கல்குடாக் கடல் மாலை வேளையில் குளம்போல் அடங்கிக் கிடக்கும். அதே கடல்தான் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கரையேறி உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. அத்தகைய துயரை இளம் உள்ளம் எங்ஙனம் ஆற்றிக்கொள்கிறது? சிறுவர் கதைகள் இதற்கு விடை தருகின்றனவா என்று இவ்வாரம் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்து நாட்டு யோகன்னா ஸ்பைரி அம்மையார் எழுதிய 'ஹைடி' என்னும் கதை 1880, 1881ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. மலையில் வளர்ந்த சிறுமி ஹைடி, பிராங்பர்ட் நகரத்துச் செல்வர் மனையில் வாழ நேர்கிறது. அங்கே அழுவதற்கும் தடை. இரவில் உறக்கத்திலேயே எழுந்து வாயிற்கதவைத் திறக்கிறாள்; வீட்டார் பேயென்று அஞ்சுகின்றனர். மருத்துவர் ஒருவரே அவளை அருகிருத்திக் கனவில் கண்டது யாதென வினவுகிறார். பாட்டனாரின் குடிசையும் மரங்களின் ஓசையுமே நாள்தோறும் அவள் கனவு! நோயை அறிந்த மருத்துவர், அவளை ஊருக்கே அனுப்பச் சொல்கிறார்.

ஆண்டர்சன் 1845இல் எழுதிய தீக்குச்சிச் சிறுமியும் இனிய காட்சிகளைக் கண்டவளே. ஒவ்வொரு குச்சியின் ஒளியிலும் கணப்பு, விருந்து, இறந்துபோன பாட்டி எனக் கண்டாள். எனினும் பனியில் மடிந்தாள். இருவருக்கும் கனவு இருந்தது. கேட்பதற்கு ஒருவர் ஹைடிக்கு மட்டுமே இருந்தார். கனவு ஆறுதல் தரும். அதைக் கேட்கும் செவியே குணம் தரும்.

இவ்வுண்மையை நமது மட்டக்களப்பும் கண்டதுண்டு. போர்க் காலத்தில், 1996ஆம் ஆண்டு, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இணைந்து அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றுகூடிக் களிமண்ணிலும் வண்ணத்திலும் நாடகத்திலும் தம் கதைகளைத் தாமே புனைந்தனர். பெரியோர் அருகிருந்து கேட்டனர்.

நம் இல்லங்களிலோ, இறந்த தந்தையின் பெயரைச் சொன்னால் பிள்ளை அழுமென்று அஞ்சி, அவர் நினைவையே மூடி வைக்கிறோம். அவருடன் மீன் வாங்கப் போன காலையும், அவர் சொன்ன வேடிக்கையும் பிள்ளையின் செல்வங்கள் அல்லவா? வற்புறுத்திக் கேட்க வேண்டாம். பிள்ளை தானாகப் பேசத் தொடங்கும்போது, "அழாதே, மறந்துவிடு" என்று தடுக்காதிருப்போம். கண்ணீர் வந்தால் வரட்டும். அதன் பின்னே சிரிப்பும் வரும்.