கை நீட்டாத வீட்டிலும் கொடுமை உண்டு



வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். ஊரைத் தவிர வேறு அடையாளம் வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கூலி அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது; பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் கணவரிடம். பிள்ளைக்கு நோட்டு வாங்கக் காசு கேட்டால், "உங்கப்பன் வீட்டுல போய் வாங்கிட்டு வா" என்று பதில் வருமாம். இரண்டும் பெண் பிள்ளைகள் என்பதற்காக, விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் மாமியார் பேசும் பேச்சு தனி. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "ஆனா அவர் என்னையக் கை நீட்டி அடிச்சதில்ல. இதைக் கொடுமைன்னு சொல்லலாமா?" என்று கேட்டிருந்தார்.

தாராளமாகச் சொல்லலாம் அம்மா. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதை, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றோடு, வார்த்தையாலும் மனத்தளவிலும் நோகடிப்பதையும், பணத்தைக் கொண்டு ஒடுக்குவதையும் அது வன்முறை என்றே வரையறுக்கிறது. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று இழிவுபடுத்துவது அதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பதும், போட்டு வந்த நகையை விற்றுத் தீர்ப்பதும் அப்படித்தான். மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும், கணவனை இழந்தவருக்கும் இது பொருந்தும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். உடல், பாலியல் வன்முறை மட்டுமே சேர்ந்த கணக்கு இது. பிடுங்கிய கார்டும் சுட்ட சொல்லும் இதில் வரவில்லை.

அடி விழாதவரை குடும்ப விஷயம் என்கிறோம். விழுந்தபின், "அனுசரிச்சுப் போம்மா" என்கிறோம். மதுரையில் 2012-இல், பெற்ற மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், கணவன் இறந்துபோனான். அது தற்காப்பு உரிமை என்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவைக் காட்டி, அப்போதைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் அந்தத் தாயை விடுவித்தார். ஊரே பாராட்டியது. அதற்கு முன்பு அந்தத் தாய் கணவனிடம் அடிபட்டுக் கிடந்த காலத்தில் துணைக்கு யார் வந்தார்கள் என்பதுதான் என் மனதை இன்றும் அறுக்கிறது.

புகார் கொடுத்தால் வீட்டைவிட்டு விரட்டிவிடுவார்கள் என்ற பயமே பல பெண்களின் வாயை அடைக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை இந்தச் சட்டம் தருகிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நீதித்துறை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டால், முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுத்தடிப்பு உண்டுதான். ஆனாலும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்பது, வீட்டில் குரல் உயர்த்துகிறவரை யோசிக்க வைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவரேதான் புகார் சொல்ல வேண்டும் என்பதில்லை. நடப்பது தெரிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 4-வது பிரிவு உறுதி தருகிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. இந்த மூன்று எண்களையும் இன்றே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகுரல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். போனை எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்