மரம் நம்மது! டேப்பும் தராசும் மட்டும் அவங்களுதா?



தண்ணி இல்லை, வேலைக்கு ஆள் இல்லை என்று நெல்லை விட்டுச் சவுக்கு போட்டோம், தைலமரம் போட்டோம். வரப்போரம் தேக்கு வைத்தோம். சவுக்கை மூணு நாலு வருஷம் காத்தோம். தேக்கை இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளை மாதிரி வளர்த்தோம். ஆனால் வெட்டுகிற நாளில் விலை சொல்றது யார்? தோட்டத்தை ஒரு சுத்து சுத்திட்டு வர்ற வியாபாரி! வருஷக்கணக்கில் வளர்த்த மரத்துக்குப் பத்து நிமிஷத்தில் விலை முடிஞ்சு போகுது. இது எப்படி நடக்குது?

வியாபாரி மனசுக்குள் போடும் கணக்கு

வியாபாரி குத்துமதிப்பாக விலை சொல்வதில்லை. ஆலை வாசலில் டன்னுக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். அதில் வெட்டுக்கூலி, பட்டை உரிக்கும் கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் கழிப்பார். மீதி நிற்பதுதான் நம்ம மரத்தின் உண்மையான விலை.

ஒரு கணக்குக்காக ஆலை வாசல் விலை 7,000 ரூபாய், செலவு 2,500 ரூபாய் என்று வைப்போம். மீதி 4,500. அவர் நம்மிடம் சொல்வது 3,500! டன்னுக்கு 1,000 ரூபாய் அவர் பைக்குப் போகுது. ஏக்கருக்கு 40 டன் வந்தால் 40,000 ரூபாய்! வியாபாரிக்கு லாபமே கூடாதுன்னு நாம சொல்லல. அந்த லாபம் எவ்வளவுன்னு அவர் ஒருத்தரே முடிவு பண்ணக்கூடாதுன்னுதான் சொல்றோம்.

ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற தோட்டத்துக்கு லாரி வாடகை குறைவு. அப்படின்னா அந்த விவசாயிக்கு விலை கூடணும் இல்லையா? கூடுதா? இல்லை! மிச்சமாகிற வாடகையும் இடைத்தரகருக்கே.

இன்னொரு கூத்தும் நடக்குது. 'ஏக்கர் மொத்தமா இவ்வளவு' என்று பேசி முடிக்கிறார்கள். ஆனால் நேரான கம்பு கட்டட வேலைக்கு ஒரு விலை, கட்டை ஆலைக்கு ஒரு விலை, மிலாரும் வேர்க்கட்டையும் எரிக்க ஒரு விலை என்று அவங்க தனித்தனியாக விற்கிறாங்க. நமக்கு மட்டும் ஒரே விலை!

எடையில் போவது

பச்சை மரம் வெட்டின நாளிலிருந்து காயுது. வெயிலில் கிடக்கக் கிடக்க எடை குறையுது. பேச்சு டன் கணக்கில். லாரி வர நாலு நாள் ஆனால் நஷ்டம் யாருக்கு? வெட்டச் சொன்னது வியாபாரி, தாமதம் பண்ணினது வியாபாரி, எடை இழந்தது விவசாயி! கொஞ்சம் அட்வான்சைக் கொடுத்து மரத்தைக் கட்டிப் போட்டுவிட்டு, ஆலை விலை இறங்கினதும் 'இப்ப மார்க்கெட் டல்' என்று குறைச்சுப் பேசுவதும் நம்ம ஊர்களில் தெரிந்த கதைதான்.

தேக்கில் டேப் செய்யும் வேலை

தேக்குக்குக் கால் சுற்றளவுக் கணக்கு. சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவாங்க. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி உள்ள ஒரு கட்டையை எடுங்க. நாலில் ஒரு பங்கு 12 அங்குலம், அதாவது ஒரு அடி. 1 x 1 x 10 = 10 கன அடி. ஆனால் உருண்டைக் கட்டையில் உண்மையில் இருக்கும் மரம் 12.73 கன அடி! நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் கணக்கிலேயே வரலை.

'அறுப்பில் சேதாரம் போகும்' என்பார்கள். அந்தச் சேதாரமும் விறகாகக் காசாகுதே! அதோடு விடுறாங்களா? பட்டைக்கு, வளைவுக்கு என்று 48-ஐ 45 ஆக்கினால் 10 கன அடி 8.79 ஆகிவிடும். டேப்பை மூணு அங்குலம் இழுத்தால் நூற்றுக்கு 12 போச்சு! கன அடிக்கு நூறு ரூபாய் ஏத்திக் கேட்டு நாம சண்டை போடும்போது, அவர் டேப்பிலேயே அதைத் திரும்ப எடுத்துக்கிறார். பட்டா நிலத் தேக்கை எடுத்துப்போக வனத்துறை அனுமதி வேணும்னா, 'பர்மிட்டை நான் பார்த்துக்கிறேன்' என்று அதுக்கும் விலையில் கழிக்கிறார்.

நிலக்கடலைக்கு உண்டு, மரத்துக்கு இல்லையா?

நிலக்கடலை, பருத்தி, மஞ்சளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு போறோம். வியாபாரிகள் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுறாங்க. கூடுதல் எழுதினவருக்குச் சரக்கு. விலை கட்டலைன்னா மறுக்க நமக்கு உரிமை உண்டு. அங்கே பக்கத்து வியாபாரி எவ்வளவு எழுதினாரோ என்ற பயம்தான் விலையை ஏத்துது. தோட்டத்தில் ஒருத்தரே நிற்கும்போது அவருக்கு என்ன பயம்? வனத்துறை தன் தேக்கை ஏலம் போட்டுத்தான் விற்குது. அரசாங்கத்து மரத்துக்கு ஏலம், விவசாயி மரத்துக்குப் பேரமா?

நம் கோரிக்கைகள்

1. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் மூலம் சவுக்கு, தைலமரம், தேக்கு, மலைவேம்புக்கும் மறைமுக ஏலம் நடத்து!
2. ஆலை வாசல் விலையை வாரந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுது!
3. வெட்டிய 48 மணி நேரத்துக்குள் எடை போடு! தாமதமானால் எடை இழப்பை வாங்குபவர் ஏற்கட்டும்!
4. தேக்கை விவசாயி முன்னால் அளந்து, முழுக் கன அளவை எழுதிச் சீட்டுக் கொடு!
5. எடைமேடைகளைத் தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கட்டும்!

அதுவரை நாம செய்ய வேண்டியது

மூணு பேரிடமாவது விலை கேட்காமல் மரத்தைக் கொடுக்காதீங்க. வெட்டும் தேதி எழுதாமல் அட்வான்ஸ் வாங்காதீங்க. தேக்கை நீங்களே அளந்து நோட்டில் எழுதி வைங்க. எடைச்சீட்டு நகலைக் கேட்டு வாங்குங்க. பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து வெட்டுங்க. ஒரு ஏக்கருக்கு ஒரு வியாபாரிதான் வருவார், இருபது ஏக்கர்னா நாலு பேர் வருவாங்க.

மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்கு ஊர் மனுவோடு திரண்டு வாரீர்! ஒருத்தர் கேட்டால் பேரம், ஊரே கேட்டால் உரிமை!

வளர்த்தவனுக்கே விலை சொல்லும் உரிமை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!